தலைசுற்றலும் தாயத்தும்

கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டிக்கு ஒரு தோழர் வீட்டுத் திருமணத்தின் பொருட்டுச் சென்ற மாசியில் நாம் போயிருந்தோம். திருமணத்திற்கு முதல் நாள் விடியற்காலையில் பக்கத்து வீட்டில் பெருங்கூச்சல் கேட்டது. போய்ப் பார்த்தால், ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மையார் கட்டில் சட்டத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி, "வீடே சுத்துதே, என்னைப் பிடிங்களேன்" என்று அலறிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் பத்துப் பேர். ஒருவர் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். ஒருவர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் வைத்துக் கசக்குகிறார். மூன்றாமவர் சோடா வாங்கிவர ஆள் அனுப்பிவிட்டார். மூத்த நாத்தனாரோ, "உச்சி வேளையில ஓடைப் பக்கம் தனியா வராதேன்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டாளா?" என்று, காற்றுக் கருப்பு அடித்துவிட்டதாகத் தீர்ப்பே கூறிவிட்டார். இவ்வளவு ஆர்ப்பாட்டமும் முடிவதற்குள் அம்மையார் கண்ணைத் திறந்து, "இப்ப நின்னு போச்சு" என்றார். மொத்தத்தில் ஒரு நிமிஷங்கூட ஆகியிருக்காது. உடனே சாவிக்காரர் இரும்பினால் நின்றது என்றார். பழத்துக்காரர் பழத்தினால் நின்றது என்றார். சோடா வந்து சேரவில்லையாதலால் அன்றைக்குச் சோடாவுக்கு மாத்திரம் பெருமை கிடைக்காமற் போய்விட்டது.

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆனால் அந்த அம்மையாருக்கு இது சிரிப்பான காரியமல்ல. அவர் காரட்டும் உருளைக்கிழங்கும் பயிராகும் மலைச்சரிவில் கூலி வேலை செய்கிறவர். படிக்கட்டுப் போல் வெட்டிய வயலில் தலையில் மூட்டையோடு இறங்கவேண்டியவர். அண்ணாந்து பார்த்தாலும், படுத்துப் புரண்டாலும், குனிந்து நிமிர்ந்தாலும் உலகமே சுழல்கிறது என்றால் அப்படிப்பட்டவர் எப்படி வேலைக்குப் போவது? கார்த்திகையில் ஒருநாள் ஒரு வரப்பிலிருந்து கீழ் வரப்பில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாராம். அன்றிலிருந்து வீட்டோடு கிடக்கிறார். மூன்று மாதக் கூலி போயிற்று. போனது கூலி மாத்திரமா? கையில் ஒரு தாயத்து, இடுப்பில் ஒரு தாயத்து, நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று, குறிகேட்ட செலவு, நாட்டு வைத்தியர் பித்தம் என்று கொடுத்த லேகியம், கீழே டவுனில் ஒரு கிளினிக்கில் 'பிரஷர் இறங்கிவிட்டது' என்று ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில்கள், அங்கே எழுதிக்கொடுத்து நாளது வரை விழுங்கிவருகிற மாத்திரை. இத்தனை பேரும் அவரிடத்தில் காசு வாங்கினார்கள். இவர்களில் ஒருவராவது, "அம்மா, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் சுற்றுகிறது? எத்தனை நேரம் சுற்றுகிறது? காது கேட்கிறதா? காதில் இரைச்சல் உண்டா?" என்று நான்கு கேள்வி கேட்டதாக அவர் சொல்லவில்லை. நாமும் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்தோம். கேட்கவே இல்லையாம்!

இந்த அட்டுவம்பட்டியிலேதான் பெண்களுக்கென்றே 1984-ல் ஏற்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது என்பதையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். பெண்கள் பட்டம் பெறுவதற்காகப் பல ஜில்லாக்களிலிருந்து மலையேறி வருகிற ஊரிலே, உள்ளூர்ப் பெண்ணின் காதிலுள்ள ஒரு நோய்க்கு இடுப்பில் தாயத்துக் கட்டப்படுகிறது.

இதைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்கக்கூடும். நாம் வைத்தியரல்ல, பட்டம் பெற்றவருமல்ல. ஆனால் நமக்கே இந்த வியாதி உண்டு. மூன்று வருஷத்திற்கு முன் ஓர் இரவு படுக்கையில் வலப்பக்கம் திரும்பினோம். கூரையிலிருந்த விசிறி, சுவர், சன்னல் யாவும் ராட்டினம் போல் சுழலத் தொடங்கின. பகுத்தறிவைப் பற்றி மேடையேறி இரண்டு மணி நேரம் பேசுகிற நாமே அந்த அரை நிமிஷத்தில், 'சரி, முடிந்தது நம் கதை' என்றுதான் எண்ணினோம் என்பதை ஒளிப்பானேன்? ஆகையால் பயந்து அலறுகிறவர்களை நாம் பரிகசிக்கவில்லை. அந்தப் பயத்தைக் காசாக்குகிறவர்களைப் பற்றித்தான் நமக்குக் கோபம். நாமும் பல பேருக்குக் காசு அழுத பிற்பாடுதான் ஒரு காது வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தோம்.

அவர் செய்த காரியம் இவ்வளவுதான். நம்மைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் பாதி திருப்பி, அப்படியே மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தாழ்ந்து தொங்கும்படி பிடித்துக்கொண்டார். அறை சுழன்றது. நம் கண்கள் துடிப்பதை அவர் உற்றுப் பார்த்தார். அதைக்கொண்டு நோய் எந்தக் காதில் என்று சொல்லிவிட்டார். சுழற்சி நின்று அரை நிமிஷம் பொறுத்துத் தலையை இடப்பக்கம் திருப்பினார். பிறகு உடம்போடு ஒருக்களிக்கவைத்து மூக்கு தரையைப் பார்க்கும்படி செய்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்தார். கத்தியில்லை, ஊசியில்லை, மாத்திரையுமில்லை. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

இது என்ன மந்திரமோ என்று யாரும் மயங்கவேண்டாம். காது என்பது கேட்பதற்கு மாத்திரம் ஏற்பட்டதல்ல. காதுக்கு உள்ளே, கபால எலும்புக்குள், நீர் நிரம்பிய மூன்று வளைகுழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நீர் அசைந்து மூளைக்குச் செய்தி சொல்லுகிறது. சிறு பிள்ளைகள் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றால் தரை சுற்றுகிறதே, ஏன்? ஒரு செம்பில் தண்ணீர் வைத்துச் செம்பைச் சுழற்றிச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். செம்பு நின்றுவிடும், தண்ணீர் நிற்காது. அதுபோலவே பிள்ளை நின்ற பிறகும் காதிலுள்ள நீர் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கண் 'நின்றுவிட்டோம்' என்கிறது. காது 'இன்னும் சுற்றுகிறோம்' என்கிறது. இந்த இரண்டு சாட்சிகளின் முரண்பாடுதான் தலைசுற்றல். பிள்ளைக்கு வந்தால் விளையாட்டு என்கிறோம். அதே காரியம் பெரியவளுக்குத் தானாக வந்தால் பேய் என்கிறோம்!

அதே காதில், வளைகுழாய்களுக்கு அடியிலுள்ள ஒரு பையில், சுண்ணாம்புச் சத்தாலான மிக நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயதினாலோ, தலையில் பட்ட அடியினாலோ, காரணம் தெரியாமலோ, அவற்றுள் சில பிய்த்துக்கொண்டு வளைகுழாய்க்குள் புகுந்துவிடுவதுண்டு. அப்புறம் தலையை ஒரு பக்கம் சாய்த்ததும் துகள் உருளுகிறது, நீர் அசைகிறது, உலகம் சுழல்கிறது. துகள் அடியில் படிந்ததும் சுழற்சி நிற்கிறது. அதனால்தான் அது ஒரு நிமிஷத்திற்குள் அடங்கிவிடுகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கும் இது அதிகம். வைத்தியர் தலையைத் திருப்பித் திருப்பிச் செய்ததெல்லாம், புகுந்த துகளைக் குழாயின் வழியே உருட்டி, கிளம்பிய இடத்துக்கே கொண்டு சேர்த்ததுதான். இம்முறையைக் கண்டவர் அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்து வைத்தியர் ஜான் எப்ளி. 1980-ல் அவர் இதைச் சொன்னபோது சக வைத்தியர்களே நம்பவில்லை. தலையைத் திருப்பினால் வியாதி போகுமா என்று நகைத்தார்கள். அவருடைய கட்டுரை 1992-ல்தான் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. அவரை நம்பச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஊர் ஊராகச் செய்து பார்த்துப் பலித்ததால் ஒப்புக்கொண்டார்கள். இந்தக் குணம் எந்தத் தாயத்துக்காவது உண்டா?

இங்கே தாயத்துக்காரரின் வக்கீல்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "தாயத்துக் கட்டிய பிறகு எங்கள் அத்தைக்கு நின்றுவிட்டதே, கண்ணால் கண்டோமே?" என்பார்கள். மெய்தான், நின்றிருக்கும். அதை நாம் மறுக்கவே இல்லை. இந்தத் துகள் வியாதி பல பேருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடுகிற வியாதி. தானாக நிற்கப்போகிற மழைக்கு முன்னால் எவன் கையை உயர்த்தினாலும் அவன் மழையை நிறுத்தியவன்தானே! வியாதி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் பூசாரியைத் தேடுகிறார்கள். உச்சத்திலிருந்து அது இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இறங்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவருக்குத் தட்சிணை.

பூசாரிக்கு மாத்திரம் நாம் இந்த அளவுகோலை வைப்பதாக எண்ணவேண்டாம். தலைசுற்றல் என்று வாயெடுத்தவுடன் நம் நாட்டில் எழுதப்படுகிற மாத்திரை பீட்டாஹிஸ்டின் என்பது. ஜெர்மனியில் மெனியர் நோயுள்ள 221 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அம்மாத்திரையைக் குறைந்த அளவிலும், ஒரு பிரிவுக்கு அதிக அளவிலும், மற்றொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று பிரிவிலும் தலைசுற்றல் குறைந்தது, வித்தியாசமில்லை! அதற்கும் முன்னால், 1981-ல், டென்மார்க்கில் அதே நோயாளிகள் 30 பேரை எடுத்து, 15 பேருக்கு வழக்கமான காது ஆபரேஷனும், மற்ற 15 பேருக்குக் காதுக்குப் பின் எலும்பை மாத்திரம் குடைந்து ஒப்புக்கு ஓர் ஆபரேஷனும் செய்தார்கள். இரண்டு கூட்டத்தாருக்கும் நோய் தணிந்தது. ஆகவே 'குணமாயிற்று' என்பது மாத்திரம் எதற்கும் சாட்சியாகாது. குணப்படுத்தியது எது என்பதே கேள்வி. வைத்திய சாஸ்திரம் தன் மாத்திரையையும் தன் கத்தியையும் தானே கூண்டிலேற்றி விசாரித்தது. எந்தக் கோயிலிலாவது பாதிப் பேருக்கு மந்திரித்த கயிறும், பாதிப் பேருக்குச் சும்மா கயிறும் கட்டிக் கணக்கெடுத்தது உண்டா? உண்டானால் அந்தக் கணக்கை இப்பத்திரிகையில் இலவசமாகப் பிரசுரிக்கத் தயாராயிருக்கிறோம்.

மெனியர் நோய் என்றோமே, அது வேறு. பாரிஸில் செவிட்டு ஊமையர் பள்ளியில் வைத்தியராயிருந்த புரோஸ்பர் மெனியர் என்பவர் 1861-ல் அதைக் காதில் வரும் நோய் என்று எடுத்துக் காட்டினார். அதுவரை ஐரோப்பாவின் பெரிய பெரிய வைத்தியர்களே அதை மூளையில் இரத்தம் கட்டுவது என்று சொல்லி, நோயாளியின் இரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தார்கள். காதுக்குள் நீர் மிகுந்து போவதோடு சேர்ந்து வருவது இந்நோய். ஒரு காதில் அடைப்பும் இரைச்சலும் உண்டாகும், கேள்வி குறையும், சுழற்சி நிமிஷக் கணக்கில் நில்லாமல் இருபது நிமிஷத்திலிருந்து பல மணி நேரம் வரை நீடிக்கும், வாந்தி வரும். முன்னறிவிப்பில்லாமல் வருவதுதான் இதன் கொடுமை. இதற்குத் தலையைத் திருப்பும் வைத்தியம் பலிக்காது. அடியோடு தீர்க்கும் மருந்தும் இல்லை. உப்பைக் குறைப்பது முதல் காதுக்குள் ஊசி போடுவது வரை பல படிகள் உண்டு. அதற்குக் காது வைத்தியர் வேண்டும்.

ஜெர்மன் தேசத்து மார்ட்டின் லூத்தருக்கு 1527-லிருந்து இந்தத் தலைசுற்றலும் காதிரைச்சலும் இருந்தன. போப்பையே எதிர்த்து நின்ற அந்த மனிதர், தன் காதிரைச்சலுக்கு முன்னால் நிற்கமாட்டாமல், இது சாத்தானின் வேலை என்றார். அவர் காலத்தில் இது காதில் வரும் நோய் என்று அறிந்தவர்கள் இல்லை. அவரைக் குறை சொல்வதிற் பயனில்லை. ஆனால் ஆலன் ஷெப்பர்டு என்னும் அமெரிக்க வான்வெளி வீரருக்கு 1963-ல் இதே மாதிரி நோய் வந்தபோது சாத்தானைத் தேடவில்லை. விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள்; 1968-ல் காதில் ஆபரேஷன் செய்துகொண்டார்; 1971-ல் சந்திரனில் நடந்தார். அந்த ஆபரேஷனைத்தான் பிற்பாடு டென்மார்க்கார் சந்தேகித்தார்கள். எனவே அவருக்குக் கத்தி உதவியதோ, காலம் உதவியதோ, சண்டையிட நாம் வரவில்லை. காதில் நோயுள்ளவன் 'தோஷமுள்ளவன்' அல்ல என்பதற்கு இதைச் சொன்னோம். நம்மூராயிருந்தால் அவரைச் சந்திரனுக்கு அனுப்புவதிருக்கட்டும். சந்திராஷ்டமம் பார்த்து வீட்டைவிட்டே வெளியே விட்டிருக்கமாட்டார்கள்.

வேப்பிலை அடித்துக் குடங்குடமாகக் குளிர்ந்த நீரைத் தலையில் கொட்டுகிற பூசாரிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற வைத்தியர் நோயாளிகளின் காதைத் தண்ணீரால் கழுவும்போது, நீர் குளிர்ந்திருந்தாலும் தலை சுற்றுகிறது, சூடாயிருந்தாலும் சுற்றுகிறது, உடம்புச் சூட்டுக்குச் சமமாயிருந்தால் சுற்றுவதில்லை என்று கண்டார். குளிர் நீருக்குக் கண் ஒரு பக்கம் துடித்தது; சுடுநீருக்கு மறுபக்கம் துடித்தது. இந்த ஆராய்ச்சிக்கு 1914-ம் வருஷத்து நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ருஷியாவில் யுத்தக் கைதி. கொடைக்கானல் மாசி மாதத்துத் தண்ணீரைக் காது நிறையக் கொட்டிவிட்டு, அவள் தள்ளாடினால், "பார், பேய் ஆடுகிறது!" என்றால், ஆட்டிவைத்தது பேயா, குடமா?

"இருந்துவிட்டுப் போகட்டுமே, முப்பது ரூபாய்க் கயிற்றால் மனத்துக்கு நிம்மதிதானே?" என்று படித்தவர்களே சமாதானம் சொல்லுகிறார்கள். முப்பது ரூபாயோடு நின்றால் நாமும் வாயை மூடிக்கொள்வோம். கயிறு தவறினால் அடுத்தது என்ன? அட்டுவம்பட்டி நாத்தனார் ஒரு மண்டலம் எங்கேயோ கொண்டுபோய்த் 'தங்கவைக்க' யோசித்துக்கொண்டிருந்தார். இப்படித் தங்கவைக்கப்பட்டவர்கள்தாம் 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில், சங்கிலியிட்டுவைத்த கொட்டகையில் தீப்பிடித்து, 28 பேர் மாண்டவர்கள். அன்றியும் எல்லாத் தலைசுற்றலும் காதிலிருந்தே வருவதில்லை. தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலும், வாய் கோணினாலும், ஒரு பக்கத்துக் கை கால் தளர்ந்தாலும், பார்வை இரண்டாகத் தெரிந்தாலும், இதுவரை இல்லாத கடுந்தலைவலி வந்தாலும், பிடித்து நிறுத்தினாலும் நிற்க முடியாமற் போனாலும், அது மூளையின் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட அடையாளமாயிருக்கலாம். அப்பொழுது மணிக்கணக்கில் உயிர் போராடுகிறது. 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நேரத்தில் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தால், 'நிம்மதி' என்பது யாருக்கு?

நம்முடைய பாஷையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. கண் இருட்டிக்கொண்டு விழுவதும் 'மயக்கம்', பசியால் சோர்வதும் 'மயக்கம்', உலகம் சுழல்வதும் 'மயக்கம்'. வைத்தியரிடம் போய் 'மயக்கமா வருது' என்றால் அவர் பிரஷர் பார்த்துப் பாட்டில் ஏற்றாமல் என்ன செய்வார்? சுற்றுகிறதா, இருட்டுகிறதா, தள்ளாடுகிறதா என்று பிரித்துச் சொல்லவேண்டும். எத்தனை நேரம், எதைச் செய்தால் வருகிறது, காது எப்படி என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கொண்டுபோனால் பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும். கிருமியினால் காது நரம்பு வீங்கி நாட்கணக்கில் இடைவிடாமல் சுற்றுகிற மற்றொரு வகையும் உண்டு. அதற்கு முதல் இரண்டு மூன்று நாள் வாந்திக்கும் சுற்றலுக்கும் மாத்திரை தேவைதான். அதையே மாதக் கணக்கில் விழுங்கிக்கொண்டு படுத்துக் கிடந்தால், மூளை புதிய நிலைமைக்குப் பழகுவது தடைப்பட்டுப்போகும். எழுந்து நடப்பதுதான் அதற்கு வைத்தியம்.

சுற்றல் வந்த நேரத்தில் செய்யவேண்டியது சொற்பமே. நின்றால் உடனே உட்காரவேண்டும். சரிவில் இருந்தால் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து உட்காரவேண்டும். காரட்டு போனால் போகட்டும். அசையாத ஒரு பொருளையே கண்ணால் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டாமல் இருக்கவேண்டும். பக்கத்திலிருப்பவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு பேசாமலிருந்தால் போதும். வாயில் எதையும் ஊற்றக்கூடாது, காதில் எண்ணெய் விடக்கூடாது, சாவி வேண்டவே வேண்டாம். படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்து எழவேண்டும். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். குளிக்கப் போனால் உள்தாழ்ப்பாள் போடக்கூடாது. அடிக்கடி வருகிறவர்கள் வண்டி ஓட்டுவதை, அதிலும் இந்த மலைப்பாதை வளைவுகளில் ஓட்டுவதை, வைத்தியர் சரி என்கிற வரை விட்டுவிடவேண்டும். இதற்குக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் பலர். நாமும் ஆறு மாதம் கூச்சப்பட்டு ஒளித்தோம்.

அட்டுவம்பட்டி அம்மையாரை, திருமணம் முடிந்த நான்காம் நாள், அவர் மகனோடு பஸ்ஸில் திண்டுக்கல் சர்க்கார் ஆஸ்பத்திரிக் காது வைத்தியரிடம் அனுப்பினோம். 7,000 அடி மலையிலிருந்து இறங்குவதற்கே அவர் நடுங்கினார். பெருமாள்மலை தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாராம். இடக் காது என்று கண்டு, தலையைத் திருப்பி வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை செய்து, மகனுக்கும் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். திரும்பவும் வரலாம், வந்தால் இதையே செய்யவேண்டும் என்றும் சொன்னார்களாம்.

சித்திரையில் நாம் மறுபடியும் போனபோது அவர் காரட்டு வயலில் இருந்தார். கையில் தாயத்து அப்படியே இருந்தது. நாம் அதைப் பார்ப்பதைக் கண்டு, "இருக்கட்டும் தம்பி, நாத்தனா கட்டுனது, கழட்டுனா வருத்தப்படும்" என்றார். நாத்தனாரோ தாயத்தினால்தான் நின்றது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவரே நம்மைத் தெருமுனையில் நிறுத்தி, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏன் தம்பி, எனக்கும் பத்து நாளா படுத்துப் பொரண்டா ஒரு மாதிரி சுத்துது. திண்டுக்கல்லுல அந்தக் காது டாக்டரு என்னைக்கு இருப்பாரு?"